ஒப்பாரி நடந்த பாதை

எங்கள் அப்பத்தா ஒப்பாரி வைத்தால் அதில் கண்டி வந்துவிடும். யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி, செத்தவர் ஆலங்குடிச் சந்தையைத் தாண்டாதவராக இருந்தாலும் சரி, நாலைந்து அடிக்குள் அப்பத்தாவின் அண்ணன் பாட்டுக்குள் நுழைந்துவிடுவார். அவர் கண்டிச் சீமைக்குப் போனவர். போனவரிடமிருந்து ஒரு தாள் வரவில்லை. அப்பத்தாவின் குரல் அந்த இடத்தில் உடையும்போது சுற்றியிருக்கும் பெண்களும் தங்கள் தங்கள் கண்டியை நினைத்து அழுவார்கள். சின்ன வயதில் கண்டி என்பது செத்தவர்கள் போய்ச் சேரும் ஊர் என்றே நம்பியிருந்தேன். ஆறாம் வகுப்பில் வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பாதையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை நாற்பது வருடம் கழித்துத்தான் நிறைவேறியது. விமானத்தில் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்துத் தலைமன்னாருக்குப் போனேன். நேராகக் கண்டிக்கு ரயிலேறியிருந்தால் மூன்று மணி நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் அப்பத்தாவின் அண்ணன் வந்த பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று தோன்றியது.

தலைமன்னார் பழைய இறங்குதுறையில் அன்று காலை கடலைத் தவிர யாரும் இல்லை. துருவேறிய இரும்புத் தூண்கள், சிதைந்த பலகைகள், சற்றுத் தள்ளி வெளிச்ச வீடு. 1914ல் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்து தொடங்கியது. அதற்கும் முன்னால், 1820களில் காப்பித் தோட்டங்கள் முளைத்த காலத்திலிருந்து, புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் பஞ்சம் பிழைக்க வழியில்லாதவர்கள் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். இறங்கியதும் நடை. வன்னிக் காட்டுக்குள் நுழைந்து, குளங்களைத் தேடித் தேடி, ஏறத்தாழ 150 மைல் நடந்தால் மாத்தளை.

இதே துறை எதிர்த்திசையிலும் ஆட்களைக் கண்டது. 1964ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தம், அப்படி நடந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். பிறகு பேசியது 1974ல், ஆளுக்குப் பாதி. அதன்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மலையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேசுவரம் போனார்கள். அக்கா இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிளந்த நிலையங்களில் எழுந்த அழுகையால் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று மலையகத்தில் பெயர் உண்டு. எந்த அரசாங்க அட்டவணையிலும் இல்லாத பெயர். அந்த ரயிலுக்கு அதைவிடச் சரியான பெயர் கிடையாது.

மன்னாரிலிருந்து பேருந்து. முருங்கன், மடு வீதி, செட்டிக்குளம், மதவாச்சி. சன்னலோரம் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது அது பெரிய காடும் இல்லை. வயல், குளம், இராணுவ முகாம், மறுபடி வயல். ஆனால் வெயில் அதே வெயில்தான். புட்டித் தண்ணீரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூச்சமாக இருந்தது. நடந்தவர்களில் காலராவிலும் அம்மையிலும் தாகத்திலும் விழுந்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று அந்தக் காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த எண்ணை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஏற்றுமதியான காப்பியின் எடையில் இப்படி ஒரு விவாதம் வருவதில்லை, அதைக் கவனமாக நிறுத்துப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள்.

2023ல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் இந்தப் பாதையை நடந்தே கடந்தார்கள். எனக்குப் பேருந்தில் ஒரு பகல் ஆயிற்று. தம்புள்ளை தாண்டியதும் சாலை மெல்ல ஏறத் தொடங்கியது. காற்றில் ஈரம் வந்தது. இந்த இடத்தில் நடந்து வந்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி ராஜகோபுரம் தெரிந்துவிட்டது. காட்டைக் கடந்தவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அம்மனுக்கு நன்றி சொல்லிய இடம் இது என்று ஊரில் சொல்கிறார்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 கலவரத்தில் இந்தக் கோயிலை எரித்தார்கள். மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து, ரப்பரும் கொக்கோவும் தாண்டி, தேயிலை தொடங்கும் ஒரு மேட்டுக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவர் வழியாக அங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில் ஒரு பாட்டியைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. லயத்து அறையான காம்பராவின் வாசல் மெழுகியிருந்தது. பாட்டிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தடம் வயதின் சுருக்கத்துக்கு நடுவிலும் தனியாகத் தெரிந்தது.

"ஊர்லருந்தா தம்பி வாரீங்க?" என்றார். மலையகத்தில் ஊர் என்றால் தமிழ்நாடு. அவர் பிறந்தது இங்கே, அவருடைய அம்மா பிறந்ததும் இங்கே. ஆனாலும் ஊர் அங்கேதான் இருக்கிறது.

வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தக் காலத்து ஒப்பாரி ஒன்று பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டதும் பாட்டி கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி எடுக்கப்படாது சாமி. வீட்டுக்கு ஆகாது."

எங்கள் அப்பத்தாவும் இதையேதான் சொல்வார். கேட்டிருக்கவே கூடாது என்று எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. தேத்தண்ணி குடித்து முடித்ததும் பாட்டி தானாக எழுந்தார். "வாங்க" என்று என்னை லயத்துக் கோடிக்கு, தேயிலை நிரை ஆரம்பிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கல்லில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயருகே பிடித்தபடி, காற்றில் பாதி போகும் குரலில் தொடங்கினார். நான் கைப்பேசியை எடுக்கவில்லை.

அது அவருடைய அப்பாயி பாடிய பாட்டாம். அக்கா செத்ததற்குத் தங்கை அழுவது. மன்னார் வந்தது, காடு வந்தது, தண்ணீர் கேட்டது வந்தது, கங்காணி வந்தான். கங்காணியைப் பேர் சொல்லித் திட்டியது பாட்டு. மாத்தளை வந்ததும் பாட்டு நின்றுவிட்டது.

"பாட்டுல தொரையே வரலியே பாட்டி?"

"தொரை எங்க தம்பி நம்மகிட்ட பேசுனாரு? கங்காணிதானே நம்மாளு. அவந்தானே கூட்டியாந்தான்."

நான் இந்தப் பதிலைக் கேட்கவே இவ்வளவு தூரம் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கங்காணி என்பவர் ஊர்க்காரர், பெரும்பாலும் சொந்தக்காரர். தோட்டத்தில் முன்பணம் வாங்கி, ஊருக்கு வந்து, கடனில் தவித்த குடும்பங்களுக்கு அதைக் கொடுத்து ஆள் சேர்த்தார். வழிச் செலவும் அரிசியும் துணியும் அந்தக் கடனிலேயே ஏறின. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாறினால் கங்காணியோடு கூட்டமாக, கடன் தொகை எழுதிய துண்டோடுதான் மாற வேண்டும். அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921ல். எங்கள் ஊரில் கங்காணி வீடு என்று ஒரு ஓட்டு வீடு இப்போதும் உண்டு. அப்பத்தா சாகும்வரை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

பாட்டு தனக்கு எட்டிய முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. எட்டாத முகங்கள் தப்பிவிட்டன. 1840ல் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியரசின் சொத்தாக்கிய சட்டம், ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு அந்த நிலம் கைமாறியது, அதை வாங்கியவர்களில் ஆளுநர் முதல் அதிகாரிகள் வரை இருந்தது, இதில் ஒன்றுகூட ஒப்பாரிக்குள் வரவில்லை. வர வழியும் இல்லை. நிலப் பதிவேட்டை யாரும் லயத்து வாசலில் படித்துக் காட்டவில்லை. இதனால் ஒப்பாரியை நம்பக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பதிவேட்டில் தாகம் இல்லை, ஒப்பாரியில் ஆளுநர் இல்லை. நமக்கு இரண்டும் வேண்டும்.

துரையைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தார்கள். கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மை முதலில் எழுந்து பாடுவார். தொழிலாளர்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில், அவர்களுடைய நிலைமையைச் சொல்லும் பாட்டுகள். 1940ல் அவை சிறு நூலாகவும் வந்தன. எழுத்தறியாத மக்களிடம் அரசியலைக் கொண்டுபோக அதைவிட நேரான வழி இருந்திருக்காது. அழுத குரல் அங்கே கேள்வி கேட்கத் தொடங்கியது.

அப்புறம் சி.வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புர தோட்டத்தில் 1914ல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. மக்கள் பிரதிநிதியாக இருந்த ஒருவருக்கு, பிரதிநிதித்துவம் செய்ய மக்களே இல்லாமல் போன நிலை. 1954ல் அவருடைய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடுங்கவிதை ஆங்கிலத்தில் நூலாக வந்தது. சட்டம் எழுதப்பட்ட மொழியிலேயே அவர் பதில் எழுதினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சக்தீ பால ஐயா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கவிதை, யாரைப் பற்றியதோ அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இன்று மலையகத்து மேதினக் கூட்டங்களில், எங்கள் முன்னோர் தேயிலைக்கு உரமானவர்கள் என்று இளைஞர்கள் பேசுகிறார்கள். தேயிலைத் தூருக்கு அடியில் புதைந்தவர்கள் என்ற அந்தப் படிமத்தை ஊன்றியது வேலுப்பிள்ளையின் கவிதைதான். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வழியிலும் காட்டிலும் மடிந்த முதல் தலைமுறைகள் காப்பிக்காகச் செத்தவர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867ல். காப்பி இலையில் துரு நோய் கண்டது 1869ல். காப்பிக்காலத்து ஆட்கள் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பினார்கள். அவர்கள் பாட்டில் பாதை இருக்கிறது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும், குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். அந்தப் பாட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் கொழுந்தும் பாதிக் கூலியான அரைப் பேரும் இருக்கின்றன. கவிதை இரண்டு காலத்துச் சாவையும் ஒரே தூருக்கு அடியில் வைத்துவிட்டது. அதைப் பிழை என்று ஒரு பேராசிரியர் திருத்தலாம். ஆனால் காப்பி பட்டுப்போன மண்ணில்தானே தேயிலையை நட்டார்கள்? அந்த மண்ணில் யார் கிடந்தார்கள் என்று நினைத்தால் எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி மாத்தளைக்குள் இன்னொரு இடம் பார்த்தேன். மக்டவல் கோட்டை. கோட்டை என்று இப்போது சொல்ல ஒரு நுழைவாயிலும் கொஞ்சம் மதிலும்தான். உள்ளே கல்லறைத் தோட்டம். 1803ல் கண்டி மீது படையெடுத்த பிரித்தானியத் தளபதி ஹே மக்டவலின் பெயர் அது. கண்டி நகரத்தைப் பிடித்தார்கள், ஆனால் அங்கே விட்டுவைத்த காவற்படையைச் சில மாதங்களில் கண்டி மன்னனின் ஆட்கள் அழித்துவிட்டார்கள். கண்டி முழுசாக விழ 1815 ஆயிற்று.

வாயிலில் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரோடு பேச்சு தொடங்கியது. மாத்தளைக் கடைத்தெருவில் வளர்ந்ததால் நல்ல தமிழ் பேசினார். நான் அவரை 'சேர்' என்றேன், அவர் என்னை 'மாத்தயா' என்றார். பாட்டுத் தேடி வந்தவன் என்று தெரிந்ததும், பள்ளியில் கற்ற நாலடிக் கவி ஒன்றை ராகத்தோடு சொன்னார். பொருள் புரியாவிட்டாலும் ஓசை பிடிபட்டது. நாலு அடியும் ஒரே ஒலியில் முடிந்தன. நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில். அவர்களுக்கு அடியின் முடிவில். 1803 வெற்றியைப் பாட 'இங்கிரீசி ஹட்டன' என்று ஒரு போர்க்காவியமே சிங்களத்தில் இருக்கிறது என்றும், அதில் அரசனும் படையும் எப்படி வருகிறார்கள் என்றும் விளக்கினார். பிறகு பேச்சு 1848க்கு வந்தது. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, வருடத்தில் ஆறு நாள் சாலையில் உழைக்க வேண்டும் அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டம், அதற்கெதிராக மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி. இந்தக் கோட்டையை மக்கள் முற்றுகையிட்டார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். கொங்கலேகொட பண்டாவைச் சவுக்கால் அடித்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். சொல்லும்போது அவர் குரலும் லயத்துப் பாட்டியின் குரல்போலவே இறங்கியது.

"உங்க ஆட்கள் இதுக்கெல்லாம் அப்புறம், தேயிலைக்குத்தானே வந்தாங்க?" என்று கேட்டார்.

இல்லை சேர், அந்த வருடம் இந்தத் தெரு வழியாகத்தான் காப்பிக்கு நடந்துகொண்டிருந்தார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல" என்றார். எனக்கும் 1848 பற்றி இந்த வயதுவரை யாரும் சொல்லித் தரவில்லை என்று நான் சொன்னேன்.

காட்டை இழந்த கண்டி விவசாயியின் கவியில் அரசனும் மண்ணும் இருக்கின்றன. அந்தக் காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்டவளின் ஒப்பாரியில் பாதையும் அக்காவும் இருக்கிறார்கள். அவனுக்கு நிலத்தை இல்லாமல் ஆக்கியதும் இவளை நடக்க வைத்ததும் ஒரே கைதான். ஆனால் அவன் பாட்டில் இவள் இல்லை, இவள் பாட்டில் அவன் இல்லை. காலனிய காலத்தை நாம் சேர்ந்து அனுபவித்தோம் என்று மேடையில் சொல்வது எளிது. நினைவைப் பாட்டு தனித்தனியாகத்தான் காப்பாற்றியிருக்கிறது. 1983ல் கோயிலுக்குத் தீ வைத்த கைகளுக்கு அந்த ஒப்பாரியின் பொருள் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டேன். பாட்டு தீயை நிறுத்தும் என்று நம்பும் அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஆனாலும் மாத்தளைப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் இரண்டு பாட்டையும் படித்து வளர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கிளம்பும் முன் அலுவிகாரைக்குப் போனேன். மாத்தளையிலிருந்து மூன்று கிலோமீட்டர், பெரும் பாறைகளுக்கு இடையே குகைக்கோயில்கள். நூற்றாண்டுகளாக வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த பாளி திரிபிடகம் கி.மு. முதல் நூற்றாண்டில் இங்கேதான் முதன்முதலாக ஓலையில் ஏறியது என்பது இலங்கை மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த துறவிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் எழுதினார்கள். அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவி எழுத்தைத் துலக்கிக் காட்டுகிறார்கள். 1848 கிளர்ச்சியை அடக்கியபோது இந்த விகாரையின் சுவடிச் சாலை அழிந்தது.

வேலுப்பிள்ளைக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். லயம் லயமாகக் கேட்டுத் திரட்டிய நாட்டார் பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983ல் நூலாக்கினார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

எங்கள் அப்பத்தாவின் ஒப்பாரியை நான் எழுதி வைக்கவில்லை. இப்போது எனக்கு அதில் இரண்டு அடிக்கு மேல் நினைவு இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், திருச்சி, நெல்லை, சேலம் பக்கத்துக்காரர்களே, தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் கண்டி என்ற சொல் வரும் பாட்டைத் தெரிந்த பாட்டி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், வாசலைத் தாண்டிக் கூட்டிப் போங்கள். யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம் என்பதையும் கேட்டுச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.